பத்து மாதம், ஒரு மான்

மான் வேட்டை என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? குதிரை மேல் ஒரு ராஜகுமாரன், கையில் வில், பின்னால் பரிவாரம், முன்னால் துள்ளி ஓடும் மான். இப்படித்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றிக் கொண்டிருந்தது. ஆனால் நான் நேரில் அறிந்த வேட்டை ஒரு சமையலறையில் ஆரம்பமாயிற்று. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஆரம்பமாயிற்று என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

2024-ஆம் வருஷம் ஜூலை மாதம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கொலராடோ மாநிலத்தில், கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் பத்து நாள் தங்கியிருந்தேன். எனக்கு மாடி அறையை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட நூல்நிலையத்தில் உத்தியோகம். மெல்லிய குரல், மூக்குக் கண்ணாடி, வீட்டுப் பூனையைக்கூட அதட்டத் தெரியாத சுபாவம். அவருடைய காலண்டரில், பல் வைத்தியரைப் பார்க்க வேண்டிய நாள், மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் இவற்றுக்கு நடுவே சிவப்பு மையில் சில குறிப்புகள் இருந்தன.

"ஜனவரி: வகுப்பு. ஏப்ரல் 2: கடைசி நாள்! மே: தட்டுகள். ஜூலை: மீக்கர். செப்டம்பர்: பை தைக்க. அக்டோபர் 26: மான்."

"இது என்ன, ஏதாவது விருந்துக்கு ஏற்பாடா?" என்று கேட்டேன்.

"ஒரு விதத்தில் விருந்துதான். ஆனால் விருந்தாளி வருவாரா, மாட்டாரா என்பது தெரியாது" என்று சிரித்தார் அந்த அம்மாள். "முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறேன்."

நான் திடுக்கிட்டுப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுடுவது சிறைக்குப் போகும் வழி. பூனையை அதட்டாத இந்த அம்மாளா துப்பாக்கி எடுக்கப் போகிறார்?

என் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்து கொண்டு விட்டார்.

"இத்தனை வருஷமாக மாமிசம் சாப்பிடுகிறேன். கடையில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, கண்ணாடிக் காகிதம் சுற்றித் தருகிறார்கள். அதற்கு முன்னால் நடந்த எதையும் நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசி வரை என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். என்னால் முடியாது என்று தெரிந்தால், சாப்பிடுவதையும் நிறுத்திவிட வேண்டியதுதான். அதுதானே நியாயம்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேசாமல் அந்தச் சிவப்பு மையைப் பின்தொடர்ந்து போவது என்று தீர்மானித்தேன். நீங்களும் வாருங்கள். பயப்பட வேண்டாம், இந்தக் கட்டுரையில் நெடுநேரம் வரையில் துப்பாக்கி வெடிக்காது.

காதுதான் அடையாளம்

முதலில் மானை அறிமுகப்படுத்தி விடுகிறேன். அதன் பெயர் மியூல் டீர். அதாவது கோவேறு கழுதை மான். பெயர் கொஞ்சம் கௌரவக் குறைவுதான். ஆனால் அதன் காதுகளைப் பார்த்தால் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டீர்கள். தலைக்குப் பொருந்தாத அவ்வளவு பெரிய காதுகள்! ஒன்று ஒரு பக்கமும், மற்றொன்று வேறு பக்கமுமாகத் திரும்பிக் கொண்டே இருக்கும். 1804 முதல் 1806 வரை மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்த லூயிஸ், கிளார்க் என்ற இருவரின் குழு இந்த மானைப் பற்றி எழுதி வைத்தது. அப்போது வந்த பெயர்தான் இது.

நம் புள்ளிமானை விடப் பெரியது; கடமானை விடச் சிறியது. வாலின் நுனி மையில் தோய்த்த தூரிகை போலக் கறுத்திருக்கும். ஆண் மானின் கொம்பு இரண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். குளிர்காலத்தில் கொம்புகள் உதிர்ந்து விடும். வசந்தத்தில் புதிதாக முளைக்கும்.

பயந்தால் இது மற்ற மான்களைப் போல ஓடுவதில்லை. நாலு கால்களையும் ஒரே சமயத்தில் தரையில் ஊன்றி, ரப்பர் பந்து போல எம்பி எம்பிக் குதிக்கும். மேடு பள்ளமும் புதருமான மலைச் சரிவில் இப்படிக் குதித்துப் போகும் மானை எந்த மிருகமும் சுலபமாகத் துரத்திப் பிடிக்க முடியாது.

புறம்போக்கு ராஜாங்கம்

சரி, இந்த மானை எங்கே போய்த் தேடுவது? யாருடைய காட்டில்?

நம் ஊரில் புறம்போக்கு என்றால் ஏரிக்கரை, சாலையோரம், ஊர்க்கோடி மேய்ச்சல் நிலம் இவைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மத்திய சர்க்கார் கையில் உள்ள நிலம் மட்டும் சுமார் 64 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல இருபது பங்கு! அதில் பெரும் பகுதி மேற்கு மாநிலங்களில் இருக்கிறது. நெவாடா மாநிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கார் நிலம். கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இவ்வளவு நிலம் எப்படி மிஞ்சியது? 1862-ல் வந்த சட்டப்படி, குடியேறி உழுது பயிரிடுகிறவர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் கொடுத்தார்கள். தண்ணீர் உள்ள பள்ளத்தாக்குகளை எல்லாரும் எடுத்துக் கொண்டார்கள். மலையும், பாறையும், வறண்ட புதர்க்காடும் கேட்பாரில்லாமல் கிடந்தன. 1905-ல் ஏற்பட்ட வன இலாகா இன்று 19 கோடி ஏக்கருக்கு மேல் பார்த்துக் கொள்கிறது. 1946-ல் ஏற்பட்ட நில நிர்வாக இலாகாவின் கையில் 24 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அன்று யாருக்கும் வேண்டாத நிலம். இன்று எல்லாருக்கும் சொந்தமான நிலம். அதில் நடக்கலாம், கூடாரம் போடலாம், விறகு பொறுக்கலாம், சீட்டு இருந்தால் வேட்டையும் ஆடலாம். ஜமீன்தாரரிடமோ மகாராஜாவிடமோ கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட நூல்நிலையத்து அம்மாளுக்கும் கோடீசுவரனுக்கும் அந்த மலையில் ஒரே உரிமைதான்.

ஆனால் எல்லாருக்கும் சொந்தம் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? கல்யாணப் பந்தியில் எல்லாரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தால் பாயசம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதனால்தான் காலண்டரில் 'ஏப்ரல் 2' என்று எழுதிப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக் குறியும் போட்டிருந்தது.

சீட்டுக் குலுக்கல்

மாநிலம் முழுவதையும் நூற்றுக்கு மேற்பட்ட வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த வட்டத்தில், எந்தப் பருவத்தில், ஆண் மானா பெண் மானா, எத்தனை என்று வனவிலங்கு இலாகா ஒவ்வொரு வருஷமும் கணக்குப் போடுகிறது. அத்தனை சீட்டுத்தான் வெளியே வரும். கொலராடோவில் 1999 முதல், குலுக்கலில் பெயர் வராமல் மான் சீட்டு வாங்குவது என்பது அநேகமாக இல்லை.

அந்த அம்மாள் 2023-லேயே விண்ணப்பம் போட்டார். கிடைக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2022-23 குளிர்காலத்தில் அந்த வடமேற்கு மூலையில் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து, உறைந்து, மாதக் கணக்கில் உருகாமல் கிடந்தது. தின்ன இலை தழை எட்டாமல் மான்கள், முக்கியமாகக் குட்டிகள், ஏராளமாக மடிந்து போயின. மறு வருஷம் இலாகா சீட்டுகளை வெட்டிக் குறைத்து விட்டது. மான் குறைந்தால் மனிதன் காத்திருக்க வேண்டும். எளிய கணக்குத்தான்.

கிடைக்காதவர்களுக்கு ஓர் ஆறுதல் பரிசு உண்டு. ஒரு 'பாயிண்ட்' எழுதி வைப்பார்கள். அடுத்த வருஷக் குலுக்கலில் அதிகப் பாயிண்ட் உள்ளவருக்கே முதலிடம். சில பேர்பெற்ற வட்டங்களுக்காகப் பத்து, பதினைந்து வருஷம் பாயிண்ட் சேர்த்துக் கொண்டு காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். "முதல் வேட்டைக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். "பெரிய கொம்பு எனக்கு எதற்கு? சுவரில் மாட்ட இடமும் இல்லை. சீக்கிரம் சீட்டுக் கிடைக்கிற வட்டம், நிறையப் பொது நிலம், வீட்டிலிருந்து இரண்டு மணிப் பிரயாணம். இந்த மூன்றையும் பார்த்துத்தான் மீக்கர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்." 2024-ல் அவருக்குச் சீட்டு விழுந்து விட்டது: ஓர் ஆண் மான், அக்டோபர் 26 முதல் நவம்பர் 3 வரை, ஒன்பது நாள்.

சீட்டு மட்டும் இருந்தால் போதாது. 1949 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜனவரியில் இந்த அம்மாள் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் கேட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறார். "பக்கத்துப் பெஞ்சுப் பையன் என்னைவிட இரண்டு மார்க் அதிகம்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

காகிதத் தட்டுகள்

மே மாதத்துத் 'தட்டு' மர்மத்துக்கு இப்போது வருவோம்.

மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்புக் கூட்டுக்குள் இருதயமும் நுரையீரலும் இருக்கின்றன. அந்த இடத்தின் அளவு ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு. குண்டு அங்கே பட்டால் மான் சில விநாடிகளில் விழுந்து விடும். தவறி வேறு இடத்தில் பட்டால், அந்தப் பிராணி மணிக்கணக்கில் துன்பப்பட்டு எங்கேயோ போய் விழும். ஆகவே மே மாதம் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த அம்மாள் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குப் போய், பிறந்த நாள் விருந்துக்கு வாங்கும் காகிதத் தட்டுகளை நட்டு வைத்துச் சுட்டுப் பழகினார். நின்று கொண்டு, மண்டியிட்டு, உட்கார்ந்து, மூட்டை மேல் சாய்த்து, மூச்சு இரைக்க ஓடி வந்து உடனே, இப்படி எல்லா விதமாகவும்.

"எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிறதோ, அதுதான் என் தூரம். நாலு விழுந்தால்கூட அது என் தூரம் அல்ல" என்றார். அவருடைய தூரம் ஜூலையில் 150 கஜம். குறிப்புப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்:

"150 கஜத்துக்கு மேல் கிடையாது. ஓடும் மானைச் சுடக் கூடாது. சாய்மானம் இல்லாமல் சுடக் கூடாது. மலை உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நிற்கும் மானைச் சுடக் கூடாது. குண்டு அப்பால் எங்கே போய் விழும் என்பது தெரியாது. சந்தேகமாக இருந்தால் சுடக் கூடாது."

வேட்டைக் குறிப்பு என்று எடுத்துப் பார்த்தால் எல்லாம் 'கூடாது, கூடாது' என்றே இருக்கிறதே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

துப்பாக்கி, தோட்டா விலையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு வரை மத்திய சர்க்கார் வரி வசூலித்து, வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. 1937-ல் வந்த சட்டம் இது. காகிதத் தட்டில் விழுந்த ஒவ்வொரு குண்டும் மான்களின் புல்லுக்கும் புதருக்கும் ஒரு சிறு சந்தா என்று சொல்லலாம்.

மீக்கர் பாதையில்

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை இருவரும் காரில் கிளம்பினோம். அக்டோபரில் வேட்டை என்றால் ஜூலையிலேயே நிலத்தை நடந்து பார்த்துவிட வேண்டுமாம். கொலராடோ நதிக்கரையோடு அறுபது மைல் போனால் ஒரு சிற்றூர். அதன் பெயரே ரைபிள்! "சகுனம் நன்றாக இருக்கிறதே" என்றேன். அங்கே வடக்கே திரும்பி இன்னும் நாற்பது மைல் போனால் மீக்கர்.

வெள்ளை நதி என்ற சிற்றாற்றின் கரையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. உயரம் ஆறாயிரம் அடிக்கு மேல். சுற்றிலும் சாம்பல் பச்சை நிறத்தில் சேஜ் என்னும் வாசனைப் புதர். மழை பெய்த ஈரத்தில் அதைக் கசக்கி முகர்ந்தால், கற்பூரமும் ஓமமும் கலந்தாற்போல ஒரு மணம். மேலே ஏற ஏறக் குட்டையான ஜூனிப்பர் மரங்கள். அதற்கும் மேலே, காற்றடித்தால் இலைகள் காசு குலுக்குவது போல் சலசலக்கும் ஆஸ்பென் தோப்புகள்.

அழகைப் பார்த்து மயங்கி நின்றபோது அந்த அம்மாள் ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கு யூட் என்ற பழங்குடி மக்களின் வேட்டை நிலம். அவர்களை விவசாயிகளாக்கியே தீருவது என்று பிடிவாதம் பிடித்த மீக்கர் என்ற சர்க்கார் அதிகாரி, அவர்களுடைய குதிரைகள் மேயும் புல்வெளியை உழச் சொன்னார். 1879 செப்டம்பரில் கலகம் மூண்டு அவர் கொல்லப்பட்டார். அதைக் காரணம் காட்டி யூட் மக்களை அடுத்த மாநிலத்துக்கு விரட்டி விட்டார்கள். ஊருக்கு அதிகாரியின் பெயர் நிலைத்தது. "எல்லாருக்கும் சொந்தம் என்று நான் பெருமை பேசும் நிலம், முதலில் ஒருவரிடமிருந்து பறித்தது. இங்கே நடக்கும்போதெல்லாம் அதை நினைத்துக் கொள்வேன்" என்றார்.

கிழக்கே ஆற்றோடு ஏறிப் போனால் தட்டை மலைகளும், அவற்றின் மடியில் டிராப்பர்ஸ் ஏரியும் இருக்கின்றன. 1919-ல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை, ஏரியைச் சுற்றிப் பணக்காரர்களின் கோடை வீடுகளுக்கு மனை அளந்து வரச் சொல்லி வன இலாகா அனுப்பியது. அவர் ஏரியைப் பார்த்தார். 'இங்கே ஒரு வீடும் வேண்டாம். இப்படியே விட்டு விடுங்கள்' என்று யோசனை சொன்னார். இலாகாவும் கேட்டது! இன்றைக்கும் அந்த ஏரிக்கரையில் கோடை வீட்டு வரிசை கிடையாது.

மஞ்சள், பச்சை, வெள்ளை

ஒரு மேட்டில் காரை நிறுத்தி, வரைபடத்தை விரித்தார் அந்த அம்மாள். மஞ்சள் நில நிர்வாக இலாகாவின் நிலம், பச்சை வன இலாகா, நீலம் மாநிலத்தின் நிலம், வெள்ளை தனியார். வெள்ளையில் அனுமதி இல்லாமல் ஓர் அடி வைத்தாலும் குற்றம். வேலி இல்லை, பலகை இல்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. கைப்பேசியிலும் இதே வரைபடம் உண்டு. நாம் நிற்கும் இடம் ஒரு புள்ளியாகத் தெரியும். ஆனால் மலையில் பேட்டரி தீர்ந்து போனால்? அதற்காகத்தான் காகிதமும்.

சில இடங்களில் மஞ்சளும் வெள்ளையும் சதுரங்கப் பலகை போல மாறி மாறி வரும். ரெயில் பாதை போட்ட கம்பெனிகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்று விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்ததன் விளைவு இது. மஞ்சள் கட்டத்தின் மூலையிலிருந்து எதிர் மூலையில் உள்ள மஞ்சள் கட்டத்துக்கு, வெள்ளையைத் தொடாமல் தாண்டலாமா? வேடிக்கையான கேள்விதான். ஆனால் பக்கத்து வயோமிங் மாநிலத்தில் 2021-ல் நாலு வேட்டைக்காரர்கள் ஓர் ஏணியைக் கொண்டுவந்து போட்டு அப்படித் தாண்டி, கோர்ட்டு வரை போனார்கள். 2022-ல் ஜூரிகள் அவர்களை விடுதலை செய்தார்கள். நில உரிமையாளர் தொடர்ந்த சிவில் வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போய், 2025 மார்ச்சில் அதிலும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பாயிற்று. ஒரு மூலைப் புள்ளிக்காக மூன்றரை வருஷ வழக்கு! நம் ஊர் வரப்புத் தகராறை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

அந்த அம்மாள் வரைபடத்தில் இரண்டு இடங்களை வட்டமிட்டிருந்தார். அக்டோபரில் வெயில் காய்ந்தால் மான்கள் எட்டாயிரம் அடிக்கு மேலே ஆஸ்பென் தோப்புகளில் இருக்கும். பனி விழுந்து விட்டால் தாழ்ந்த சேஜ் புதர்களுக்கும் ஜூனிப்பர் காட்டுக்கும் இறங்கி வரும். அதனால் மேலே ஒரு திட்டம், கீழே ஒரு திட்டம். நீலகிரியின் உதகமண்டலமே ஏழாயிரத்துச் சொச்சம் அடிதான். அதைவிட உயரத்தில் மூட்டை சுமந்து நடக்க வேண்டும். நாலு எட்டு வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவரோ தினமும் மாலையில் முதுகில் அரிசி மூட்டையோடு ஊர்க் குன்றில் ஏறிப் பழகியவர்; நிதானமாக முன்னால் போய்க் கொண்டிருந்தார்.

காற்றும் கண்ணும்

மாலை ஆறு மணிக்கு ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தோம். மானின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது என்றார். காலையில் வெயில் ஏற ஏறக் காற்றுச் சரிவில் மேல் நோக்கிப் போகும். மாலையில் குளிர்ந்து கீழ் நோக்கி இறங்கும். ஆகவே காலையில் மானுக்கு மேலேயும், மாலையில் கீழேயும் இருக்க வேண்டும். நூல் நுனியில் ஒரு சிறு இறகைக் கட்டிக் காற்றைப் பார்த்துக் கொண்டார்.

பைனாகுலரை என்னிடம் கொடுத்து, "புத்தகம் படிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக, வரி வரியாகப் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள். ஒரு காது அசைவு, மரங்களுக்கு நடுவே படுக்கையாக ஒரு கோடு, அது போதும்" என்றார். நூல்நிலையத்து அம்மாள் அல்லவா!

அரை மணி ஒன்றும் இல்லை. பிறகு, நான் நாலு முறை தாண்டிப் போன அதே புதரில் ஒரு காது அசைந்தது. அடாடா! அதன் கீழே ஒரு முகம். பின்னால் இன்னும் இரண்டு. ஆண் மான்கள், புதிதாக வளரும் கொம்பின் மேல் வெல்வெட் போன்ற தோல் மூடியிருந்தது. சாயங்கால வெயிலில் அந்த வெல்வெட்டின் விளிம்பு பொன்னாக மின்னியது. மூச்சு விடவும் மறந்து பார்த்துக் கொண்டிருந்தேன். என் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அவ்வளவுதான்! மூன்றும் ரப்பர் பந்து போல எம்பிக் குதித்து மேட்டைத் தாண்டி மறைந்தன.

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாளின் கண்களில் நீர்.

"இவ்வளவு அழகாக இருந்தால் எப்படிச் சுடுவது?" என்று கேட்டேன்.

"அது தெரியவில்லை. அதைத் தெரிந்து கொள்ளத்தான் வருகிறேன்" என்றார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் மற்ற விவரங்களைச் சொன்னார். உடம்பிலும் தலையிலுமாக 500 சதுர அங்குலம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும்; மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டு விடாமல் இருக்க. மானுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது. 2016 முதல் பளபளக்கும் ரோஜா நிறமும் அணியலாமாம். "நான் ரோஜாதான் வாங்கியிருக்கிறேன்" என்றார்.

மான் விழுந்ததும் சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். உடனே குடலை நீக்கி இறைச்சியைக் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். நாலு கால் சதையும், முதுகுச் சதையும் கட்டாயம் எடுத்து வர வேண்டும். காட்டிலே விட்டு வந்தால் அபராதம். விற்றாலும் குற்றம். பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து இறைச்சிப் பைகளை வீட்டிலேயே தைத்துக் கொள்ளப் போகிறார்; செப்டம்பர் மாதத்துக் குறிப்பு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. 1967-ல் இதே கொலராடோவில் முதன் முதலாகக் கண்ட ஒரு கொடிய நோய், மானின் மூளையைத் தாக்கி மெலிய வைத்துக் கொன்று விடுகிறது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள இறைச்சியை உண்ண வேண்டாம் என்று சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். தலையை இலாகாவிடம் கொடுத்துச் சோதித்து, முடிவு வந்த பிறகுதான் சமையல்.

டெலிபோன் மணி

நான் சென்னைக்குத் திரும்பி விட்டேன். அக்டோபர் 26 வந்தது, போயிற்று. தீபாவளியும் வந்து போயிற்று. நவம்பர் கடைசியில் ஒரு நாள் இரவு டெலிபோன் வந்தது.

"முதல் நாலு நாள் ஒன்றும் பார்க்கவில்லை" என்று ஆரம்பித்தார். "ஐந்தாம் நாள் நல்ல மான். முந்நூறு கஜம். என் தூரம் இல்லை. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி விட்டேன். அடுத்த நாள் இன்னொன்று, எண்பது கஜத்தில் நின்றது. வரைபடத்தைப் பார்த்தேன். நான் மஞ்சளில், மான் வெள்ளையில்! என்னைப் பார்த்துக் கொண்டே பத்து நிமிஷம் புல் மேய்ந்தது. என் தம்பி சுமை தூக்க வந்திருந்தான். அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை."

"அப்புறம்?"

"எட்டாம் நாள் மாலை. காற்று என் முகத்தில் அடித்தது. புதருக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. சின்னக் கொம்பு. நூற்றிருபது கஜம். மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்திருந்தேன். பக்கவாட்டில் திரும்பி நின்றது. என் குறிப்புப் புத்தகத்தில் இருந்த 'கூடாது' எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சம் இல்லை. சுட்டேன். நாலு அடி போயிற்று, விழுந்து விட்டது."

சிறிது நேரம் டெலிபோனில் சத்தம் இல்லை.

"பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தக் காதைத் தொட்டேன். என் உள்ளங்கையை விடப் பெரிது. இன்னும் சூடாக இருந்தது. அழுதேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. பிறகு இருட்டுவதற்குள் வேலையைச் செய்ய வேண்டுமே என்று எழுந்தேன். இரண்டு நடை சுமந்தோம். சோதனை முடிவு போன வாரம்தான் வந்தது: நோய் இல்லை. நேற்று முதல் தடவையாகச் சமைத்தேன்."

"சாப்பிட முடிந்ததா?" என்று கேட்டேன். பத்து மாதமாக அவர் தமக்கே போட்டுக் கொண்டிருந்த கேள்வி அதுதானே?

"முடிந்தது. ஆனால் தட்டில் ஒரு துண்டுகூட மீதி வைக்க முடியவில்லை. இனிமேல் முடியாது என்றே நினைக்கிறேன். கடைக்குப் போனால் அந்த வெள்ளைத் தட்டுகளை முன் போல அலட்சியமாக எடுத்துக் கூடையில் போட வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள்தான் மாமிசம் என்று ஆக்கி விட்டேன். குளிர்ப் பெட்டியில் இருப்பது அடுத்த கோடை வரை வரும்."

"அடுத்த வருஷமும் போவீர்களா?"

"ஏப்ரலில்தானே விண்ணப்பம்? அதற்குள் யோசித்துச் சொல்கிறேன்."

அவர் செய்தது சரியா, தவறா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். எனக்கு நினைவில் நிற்பது வேறு. அந்த ஒன்பது நாளில் அவர் ஒரு தடவைதான் சுட்டார். சுடாமல் துப்பாக்கியை இறக்கியது இரண்டு தடவை. பத்து மாதம் அவர் படித்த பாடத்தில் பெரும்பாலும் இறக்கி வைப்பதற்கான பாடந்தான் இருந்தது.

புது வருஷத்துக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மானுடையது அல்ல; சமையலறைச் சுவரில் புதுக் காலண்டர். ஏப்ரல் முதல் தேதியில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.